இல்லாத சுவருக்கு ஒரு சான்று

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் அம்மணிகளுக்கும் நாலு நல்ல வார்த்தை எழுதித் தாருங்கள் என்று உங்கள் அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். நல்ல வார்த்தை என்னிடம் மிச்சமில்லை. இருந்ததையெல்லாம் கோப்புகளில் எழுதித் தீர்த்துவிட்டேன். அதனால் நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்கிறேன். நல்ல வார்த்தையை நீங்கள் கேட்ட அன்றே மறந்துவிடுவீர்கள். அடுத்தவன் செய்த தப்பை யாரும் மறப்பதில்லை.

தொண்ணூறுகளில் நான் கோயம்புத்தூரில் தொழில் வளர்ச்சி அலுவலர். பெயரில் வளர்ச்சி இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். பட்டறை பட்டறையாகப் போய், அவை வளரவில்லை என்று உறுதி செய்து எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. அப்போது ஒரு பட்டறையில் இருக்கும் இயந்திரங்களின் விலைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதற்குள் இருந்தால் சிறுதொழில். சிறுதொழில் மட்டுமே செய்யலாம் என்று ஒரு பொருள் பட்டியல், வரிச் சலுகை, முன்னுரிமைக் கடன் என எல்லாம் கிடைக்கும். வரம்புக்கு மேலே ஒரு லேத் கூடுதலாக இருந்தால் எல்லாம் போய்விடும். பிள்ளை அரை அங்குலம் வளர்ந்தால் சோற்றுத் தட்டைப் பிடுங்கிக்கொள்கிற தாயை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் அந்தத் தாயிடம்தான் சம்பளம் வாங்கினேன்.

கோயம்புத்தூர்க்காரர்கள் “கவர்மெண்டு ஒண்ணும் பண்ணலீங்க, எல்லாம் நாங்களே பண்ணுனதுங்க” என்று மார்தட்டுவார்கள். அதுவும் பாதிப் பொய். தோட்டத்துக் கிணறுகளுக்கு இலவச மின்சாரம் கொடுத்தது யார்? மின்சாரம் சும்மா வந்ததால்தான் ஒவ்வொரு தோட்டத்துக்காரரும் மோட்டார் வாங்கினார், மோட்டார் ஓய்வில்லாமல் ஓடியது, தண்ணீர் கீழே கீழே போனது, இன்னும் ஆழத்துக்குப் போகிற பம்பு தேவைப்பட்டது. ஒரு கையால் சந்தையை உண்டாக்கினோம். இன்னொரு கையால், அந்தச் சந்தைக்குப் பம்பு செய்கிறவன் எழுந்து நிற்காதபடி தலையைப் பிடித்து அழுத்தினோம். இரண்டு கையும் ஒரே உடம்பில் இருக்கிற விஷயம் இரண்டுக்கும் தெரியாது.

கணபதியில் ஒரு சந்துக்குள் தங்கவேலு என்பவர் பம்பு செட் செய்துகொண்டிருந்தார். அன்னூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர் மகன். லேத் பிடிக்கக் கற்று, பிறகு சொந்தமாகக் கொட்டகை போட்டு, முப்பது பேரை வைத்து வேலை வாங்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி ருக்மணி காலையில் கொட்டகைக்கு வந்து சாமிப் படத்துக்குப் பூ வைத்துவிட்டுப் போவார். அப்போது அவருக்குத் தொழிலில் இருந்த பங்கு அவ்வளவுதான். நான் முதன்முறை போனபோது தங்கவேலு இன்னும் இரண்டு லேத்துக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். இருந்த இயந்திரங்களைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, “இதை வாங்குனா நீங்க பெருசாயிருவீங்க” என்றேன். மனுஷன் முகம் பார்க்க வேண்டுமே! டாக்டர் ஏதோ கட்டி இருக்கிறது என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

“பெருசானா என்னங்க சார் ஆகும்?”

பட்டியலை ஒப்பித்தேன்.

“அப்ப வளந்தாத் தண்டனைங்களா?”

“தண்டனை இல்லீங்க. சலுகை போயிரும்.”

“ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?”

பதில் இல்லாதபோது அதிகாரி என்ன செய்வான்? யோசனை சொல்வான். “ஊட்டுக்காரம்மா பேர்ல இன்னொரு கம்பெனி தொடங்கிருங்க. சட்டப்படி நீங்க வேற, அவங்க வேற. தனி வாசல், தனி மீட்டர், தனி போர்டு. நடுவுல ஒரு செவுரு. ரெண்டும் சிறுசு” என்றேன். ருக்மணி பூக்கூடையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “என்ற பேர்லயா? எனக்கு என்னங்க தெரியும்?” என்றார். “உங்களுக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம் அம்மணி. கையெழுத்துப் போட்டாப் போதும்” என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதன் அர்த்தம் புரிய எனக்குச் சில மாதங்கள் ஆயின.

சுவர் எழுந்தது. நடுவில் கதவு வைக்கக் கூடாது என்பது விதி. அதனால் இந்தப் பக்கம் கடைந்த உருப்படியை மேற்கு வாசல் வழியாக வெளியே எடுத்து, தள்ளுவண்டியில் ஏற்றி, சந்தில் நாற்பது எட்டு தள்ளிக்கொண்டு போய், கிழக்கு வாசல் வழியாக அந்தப் பக்கம் இறக்குவார்கள். நடுவில் ஒரு பெட்டிக்கடை. கடைக்காரர் போகிற வருகிற பம்புகளைப் பார்த்துப் பார்த்து, எங்கள் அலுவலகத்தைவிடச் சரியான உற்பத்திக் கணக்கு வைத்திருந்தார். அளவு பார்க்கிற மைக்ரோமீட்டர் மட்டும் ஒன்றுதான் இருந்தது. அதற்காகச் சுவரில் ஒரு செங்கல்லைப் பூசாமல் விட்டிருந்தார்கள். கல்லை உருவினால் மைக்ரோமீட்டர் போகும், வரும். நான் ஆய்வுக்குப் போகும் நாளில் கல் தன் இடத்தில் இருக்கும். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும். இதற்குப் பெயர்தான் தொழில் நிர்வாகம்.

ஒரு நாள் சொல்லாமல் போய்விட்டேன். தங்கவேலு அந்த ஓட்டையில் வாயை வைத்து, “ருக்கு, நாலு பேரிங் குடு” என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஓட்டைக்குள்ளிருந்து பதில் வந்தது.

“செலான் போட்டு அனுப்புங்க. கேட்ட ஒடனே எடுத்துக் குடுக்கறதுக்கு இது என்ன ஊடுங்களா?”

கையெழுத்துப் போட்டால் போதும் என்று நான் சொன்ன அம்மாள், தன் கம்பெனியை உண்மையிலேயே நடத்த ஆரம்பித்துவிட்டார்! அவர் பக்கம் பேரிங் இருப்பு தீர்ந்ததே இல்லை. தங்கவேலு என்னைப் பார்த்துச் சிரித்து, “அக்கட்டால இருக்கறது ரொம்பக் கறாரான பார்ட்டிங்க சார்” என்றார்.

இப்படியே சில வருஷம் ஓடியது. அன்னூர்ப் பக்கம் கிணறுகள் வற்றின. ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். அதற்குள் இறங்குகிற சப்மர்சிபிள் பம்பைச் செய்ய வேண்டும் என்பது தங்கவேலுவின் வெறியாகிவிட்டது. அதன் உடலை உள்ளே முடி அளவு பிசகாமல் கடைய ஒரு பெரிய போரிங் மிஷின் வேண்டும். அந்த ஒரு மிஷின் போதும், எந்தப் பக்கம் நின்றாலும் அந்தப் பக்கத்துக் கம்பெனி பெருசு. அதனால் வாங்காமலே இருந்தார்.

தொண்ணூறுகளின் பின்பகுதியில் அரசாங்கத்துக்கு ஞானோதயம் வந்து உச்சவரம்பைத் தூக்கி உயர்த்தியது. தங்கவேலு போன் செய்தார். “சார், இடிச்சுப்போடலாங்களா?”

“இடிச்சுப்போடுங்க” என்றேன்.

தேங்காய் உடைத்துவிட்டுச் சுவரை இடித்தார்கள். எல்லாருக்கும் பொங்கல் நோம்பி மாதிரி சந்தோஷம். ருக்மணி மட்டும் தன் கம்பெனி போர்டைக் கழற்றி, பழைய சேலையில் சுற்றி, பரணில் வைத்தார். எதற்கு என்று கேட்டேன். “கவர்மெண்டுங்க சார். எதுக்கும் இருக்கட்டும்” என்றார். நான் சிரித்தேன். பொருளாதாரம் படித்தவன் அல்லவா.

அன்னூர்த் தோட்டத்தில் பாதியை விற்று மிஷினை வாங்கினார் தங்கவேலு. சுவர் இருந்த இடம்தான் கொட்டகைக்குள் காலியாக இருந்தது. அங்கேயே கான்கிரீட் போட்டு, அடித்தள போல்ட்டுகளைத் தன் கையாலேயே முடுக்கினார். “மொதப் பம்பு என்ற தோட்டத்துலதானுங்க எறக்கப் போறேன். அப்பறந்தான் யாவாரம்” என்றார்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

இரண்டு கம்பெனி ஒன்றானதால் பழைய பதிவுகள் ரத்து. புதிய கம்பெனிக்குத் தற்காலிகப் பதிவு கொடுத்து, நிரந்தரப் பதிவு விண்ணப்பத்தை வாங்கி என் மேசையில் வைத்தேன். எனக்கு அப்போது ஒரு மேலாளர் இருந்தார். பெயர் வேண்டாம். வேலையை அவரிடம்தான் கற்றேன். அவருடைய வேதவாக்கு ஒன்று உண்டு: “சுடச்சுடக் கையெழுத்துப் போட்டா வாய் வெந்துரும். கோப்பு ஆறணும்.” பணிக்காலம் முழுக்க அவர் மீது ஒரு குற்றச்சாட்டும் வந்ததில்லை. ஒரு தொழிற்சாலையும் வந்ததில்லை.

அவர் கோப்பைப் புரட்டினார். “பழைய கோப்புல ஒரு சுவர் இருக்கு. போட்டோவே இருக்கு. புதுக் கோப்புல இல்லை. அந்தச் சுவர் எங்கய்யா போச்சு?”

“இடிச்சுட்டாங்க சார்.”

“ஆதாரம்?”

தங்கவேலுவிடம் கேட்டேன். “இல்லாத செவுத்தை எப்பிடிங்க சார் காட்டறது?” என்றார். நியாயமான கேள்வி. போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். மேலாளர் பார்த்துவிட்டு, “இது தரை. தரை எல்லா ஊர்லயும் இருக்கு” என்றார். அடுத்த போட்டோவில் தங்கவேலு அதே இடத்தில் நின்றார். “இதுல ஆள்தான் தெரியுது. சுவர் இல்லாதது தெரியலையே” என்றார் மேலாளர். மாநகராட்சிப் பொறியாளரிடம் சான்று வாங்கி வரச் சொன்னோம். அவர் எங்களையும் மிஞ்சினார். “கட்டும்போது எங்ககிட்ட அனுமதி வாங்கினீங்களா? இல்லை. அப்ப எங்க கணக்குல அங்க சுவரே இல்லை. இல்லாத சுவரை இடிச்சதா நான் எப்படிங்க எழுதித் தர்றது?” என்று கேட்டு அனுப்பிவிட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரிகள் மூன்று பேர்.

தம்பிகளே, அம்மணிகளே, என் மேசையிலிருந்து கணபதிக்கு ஸ்கூட்டரில் கால் மணி நேரம். போய், என் கண்ணால் பார்த்து, “சுவர் இல்லை” என்று இரண்டு வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கலாம். அந்த அதிகாரம் எனக்கு இருந்தது. போடவில்லை. ஏன் என்று என்னையே பல தடவை கேட்டுப் பார்த்தேன். லஞ்சம் எதிர்பார்த்து அல்ல. பயம். மேலாளர் ஆதாரம் கேட்ட இடத்தில் நான் கையெழுத்துப் போட்டால், நாளைக்கு ஏதாவது வந்தால், என் பெயர் அல்லவா இருக்கும்? பதவி உயர்வுப் பட்டியல் வேறு வரப்போகிறது. கோப்பு ஆறட்டும் என்று விட்டேன். மத்தியானம் அதன் மேல்தான் டிபன் பாக்ஸை வைப்பேன்.

கோப்பு நன்றாக ஆறியது. ஒரு நாள் பேப்பரில் செய்தி வந்தது. உயர்த்திய உச்சவரம்பை அரசாங்கம் மறுபடி இறக்கிவிட்டது. ஏன் ஏற்றினார்கள், ஏன் இறக்கினார்கள் என்றெல்லாம் கேட்காதீர்கள். தொழிற்சாலை என்பது வாழைமரம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது, வெட்டினால் பக்கத்திலேயே இன்னொன்று முளைத்துவிடும் என்று. ஆணையின் கடைசியில் ஒரு வரி: ஏற்கெனவே நிரந்தரப் பதிவு பெற்றவர்களுக்கு இது பொருந்தாது. அந்த வரியை மூன்று தடவை படித்தேன். பிறகு டிபன் பாக்ஸைத் தூக்கிவிட்டுக் கோப்பைப் பார்த்தேன்.

தங்கவேலு போன் செய்தார். “சார், நம்முளுது நெரந்தரமாயிருச்சுங்களா?”

“பாத்துட்டிருக்கோமுங்க” என்றேன். வெட்கங்கெட்ட பதில். போனை ருக்மணி வாங்கினார். குரல் உயரவில்லை. “ஆறின கஞ்சி பழங்கஞ்சிங்க சார்” என்றார். வைத்துவிட்டார்.

தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் கதைதான் அடுத்தது. மறுபடி சுவர் கட்டச் சொன்னேன். பரணிலிருந்து போர்டு இறங்கியது. ஆனால் சுவர் போக வேண்டிய கோட்டில் மிஷின் உட்கார்ந்திருந்தது. கொத்தனார் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டிக்கொண்டு வந்து மிஷினை ஒட்டி நிறுத்தினார். தலை கணவன் கம்பெனியில், வால் மனைவி கம்பெனியில். உலகத்திலேயே விவாகரத்து பாதியில் நின்ற ஒரே இயந்திரம் அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்த வாரம் சென்னையிலிருந்து ஓர் உயரதிகாரி ஆய்வுக்கு வந்தார். அதிகம் பேசாதவர். சுவரைப் பார்த்தார். மிஷினைப் பார்த்தார்.

“இது எந்தக் கம்பெனியோட மிஷின்?”

தங்கவேலு ருக்மணியைப் பார்த்தார். ருக்மணி என்னைப் பார்த்தார். “சார் சொல்லுவாருங்க” என்றார், பவ்யமாக.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “நான் சாப்பிட்டுட்டு வர்றேன். வரும்போது உங்க ரிப்போர்ட்ல பதில் இருக்கணும்” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

எனக்கு ஒரு மணி நேரம் இருந்தது. கணவனுடையது என்று எழுதினால் அவர் கம்பெனி பெருசு. மனைவியுடையது என்றால் அவருடையது பெருசு. இருவருக்கும் பொது என்றால் சுவரே பொய், இரண்டும் சேர்ந்து பெருசு. எதை எழுதினாலும், சிறுதொழிலுக்கு மட்டும் என்ற பட்டியலில் இருந்த பம்பை அவர்கள் செய்ய முடியாது, சலுகை போகும், முப்பது குடும்பம் தெருவுக்கு வரும். தன் அம்மா பேரில் மூன்றாவது கம்பெனி ஒன்று போட்டால் என்ன என்று தங்கவேலு மெதுவாகக் கேட்டார். “அத்தைக்கொரு கம்பெனியா? அதுக்குப் பெருசாயே போலாமுங்க” என்றார் ருக்மணி. அந்த நிலையிலும் தொழிலாளிகள் சிரித்துவிட்டார்கள்.

எனக்கு ஒரு வழி தெரிந்தது. அலுவலகத்தில் ஆண்டுக்கணக்கில் கற்ற புத்தி இந்த மாதிரி நேரத்தில்தான் வேலை செய்யும். நிறுவப்படாத இயந்திரம் கணக்கில் வராது. “போல்ட்டைக் கழட்டுங்க. கரண்ட்டைப் பிரிங்க. தார்ப்பாய் போட்டு மூடுங்க. மிஷின் வந்து எறங்கியிருக்குது, இன்னும் நிறுவலேன்னு எழுதிக்கறேன்” என்றேன்.

ஃபிட்டர் ஒருவர் ஸ்பேனரை எடுத்தார். தங்கவேலு அதை வாங்கிக்கொண்டார். “மாட்டுனது நானுங்க. நானே கழட்டறேன்” என்றார். தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினார். நான் நாற்காலியில் உட்கார்ந்து என் வாழ்நாளிலேயே மிக அழகான கையெழுத்தில் ரிப்போர்ட் எழுதினேன்.

அதிகாரி வந்தார். ரிப்போர்ட்டைப் படித்தார். தார்ப்பாயைத் தூக்கி உள்ளே விரலை வைத்து எடுத்தார். விரல் நுனியில் புது எண்ணெய். என்னைப் பார்த்தார். விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, “நல்லா எழுதறீங்க” என்றார். கையெழுத்துப் போட்டார். பிறகு சொன்னார்: “நிறுவப்படலேன்னா இனிமேலும் நிறுவப்படக் கூடாது. மூணு மாசத்துக்கு ஒருதரம் நீங்களே வந்து பார்த்து எழுதி அனுப்பணும்.”

ஆக, தொழில் வளர்ச்சி அலுவலராகிய நான், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணபதிக்குப் போய், தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்து, “இயந்திரம் இயங்கவில்லை” என்று எழுதினேன். இதற்குப் போக மட்டும் ஸ்கூட்டருக்கு வழி தெரிந்தது. ஒரு தடவை ருக்மணி மோர் கொடுத்தார். “குடிங்க சார். மிஷின் நல்லாத் தூங்குதுங்க” என்றார். குடித்துவிட்டு, தார்ப்பாயை இழுத்து மூடினேன்.

கடைசியில், காலத்தோடு நிரந்தரப் பதிவு வாங்கியிருந்த பக்கத்து மாநிலத்துக் கம்பெனி ஒன்று அந்த மிஷினை வாங்கிக்கொண்டது. வெளியே எடுக்கச் சுவரை இடித்தார்கள். எடுத்ததும் திரும்பக் கட்டினார்கள். அந்தத் தடவை இடித்ததற்கு ஆதாரம் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. தங்கவேலுவின் மிச்சத் தோட்டத்தில் அந்தக் கோடையில் கிணறு வற்றி, ஆழ்துளைக் கிணறு போட்டார். அதில் இறக்கிய பம்பு அந்தப் பக்கத்து மாநிலத்துக் கம்பெனி செய்தது. அவரே என்னிடம் சொன்னார். “நல்ல பம்புங்க சார். பிரிச்சுப் பாத்தனுங்க. போரிங் சுத்தமா இருக்குது. மிஷின் நல்ல மிஷினுங்களே.”

விதியை மீறுங்கள் என்று உங்களுக்குச் சொல்ல நான் யார்? மீறாமலேயே இவ்வளவும் செய்தவன் நான். டெல்லியில் ஏற்றுவார்கள், இறக்குவார்கள். அது உங்கள் கையில் இல்லை. ஏறியதற்கும் இறங்கியதற்கும் நடுவில் ஒரு கோப்பு உங்கள் மேசையில் இருக்கும். அது மட்டும் உங்கள் கையில் இருக்கிறது. அதன் மேல் டிபன் பாக்ஸை வைக்காதீர்கள்.

மிஷின் போன அதே ஆண்டு நான் ஓய்வு பெற்றேன். சிறுதொழில் சங்கத்தில் பாராட்டு விழா எடுத்தார்கள். பொன்னாடை, வெள்ளிக் குத்துவிளக்கு, “சிறுதொழில்களின் காவலர்” என்று மேடையில் துணிப் பேனர். என் பழைய மேலாளர் தலைமை. தொழில்முனைவோர் சார்பில் யாராவது பேச வேண்டும் என்று சொல்லி, யார் பேச்சையும் கேட்காமல் தங்கவேலுவை மேடை ஏற்றிவிட்டார்கள். ருக்மணி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

தங்கவேலு மைக்கைப் பிடித்தார். சபைக்கு வணக்கம் சொன்னார். என் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

“எனக்குப் பேசத் தெரியாதுங்க. சார் மொதமொதல்ல எங்க பட்டறைக்கு வந்தப்ப நாங்க சிறுசா இருந்தமுங்க. இன்னைக்கு சார் ரிட்டயராகிப் போறாருங்க. இன்னும் சிறுசாவே இருக்கறமுங்க. எல்லாம் சாரோட பாதுகாப்புங்க. ஒரு கொறையும் வெக்கலீங்க.”

அரங்கம் அதிரக் கைதட்டினார்கள். மேலாளர் எல்லாரையும்விட ஓங்கித் தட்டினார். ருக்மணி தட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து, பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு, கும்பிட்டேன்.